தரிசுக்கு எந்த மூடாக்கு: வலையா, சோகையா, விதையா?

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் செம்மண் சரளை மேட்டில் நாலைந்து ஏக்கர் தரிசு வைத்திருப்பவர், அதை மூடாக்குப் போட்டு, அதாவது மண்மேல் ஒரு போர்வை விரித்து, மறுபடி பச்சையாக்கலாம் என்று விசாரிக்க ஆரம்பித்தால் முதலில் கையில் வந்து விழுவது விலைப்பட்டியல்தான். தென்னை நார் வலை சதுர மீட்டர் இன்ன விலை, சணல் வலை இன்ன விலை, மட்கும் மூடாக்குத் தாள் ஒரு ரோல் இன்ன விலை. ஊர்க்காரரைக் கேட்டால் 'கரும்புச் சோகையை (காய்ந்த தோகையை)ப் பரப்பிவிடுங்கள், போதும்' என்பார். இயற்கை விவசாய நண்பர் 'உயிர் மூடாக்கு போடாமல் மற்றதெல்லாம் வீண்' என்பார்; தரையை மூடும் செடிகளை விதைத்து வளர்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். ஒவ்வொருவர் சொல்வதும் ஏதோ ஒரு நிலத்துக்குச் சரிதான். நம் நிலத்துக்கு எது என்பதுதான் கேள்வி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்கும் மூடாக்கு எதுவும் நிலத்தைத் திருத்துவதில்லை. திருத்துவது அதற்கடியில் முளைத்து வேர் பிடிக்கும் புல்லும் செடியும். அவை பிடிக்கும்வரை மண்ணை மழையிடமிருந்து காப்பதுதான் மூடாக்கின் வேலை. ஆகவே எந்த மூடாக்கு வலுவானது என்று கேட்பதைவிட, இந்த மண்ணில் புல் பிடிக்க எத்தனை மழைக்காலம் ஆகும், அதுவரை எது தாங்கும் என்று கேட்பது நல்லது. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, ஆட்டை யார் தடுப்பது என்பது.

முதலில் நோய் என்ன என்று பார்ப்போம். ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அந்த மேட்டில் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். சரளைக் கல் ஒவ்வொன்றும் அடியில் ஒரு சின்ன மண் தூணோடு நிற்கும். கல் மறைத்த இடத்தில் மட்டும் மண் தங்கி, சுற்றிலும் துளி அடித்துக் கிளப்பிய மண் ஓடிப் போயிருக்கிறது. தூணின் உயரம்தான் அந்த இடத்தில் போன மண்ணின் அளவு. 5 மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய மழைத்துளி தரையைத் தொடும்போது வினாடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் வருகிறது. அப்படி அடிபட்டுச் சிதறிய நுண்மண் துளைகளில் போய் அடைத்துக்கொள்ள, வெயில் வந்ததும் மேலே பொருக்குக் கட்டுகிறது. அடுத்த மழை உள்ளே இறங்காது; மேலாக வழிந்து ஓடும். விதை விழுந்தாலும் முளை பொருக்கைத் துளைத்து வெளியே வராது. செம்மண் தரிசு வருடக் கணக்கில் மொட்டையாகவே கிடப்பதற்குப் பாதிக் காரணம் இந்தப் பொருக்குதான்.

ஒரு மில்லிமீட்டர் மண் என்பது கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் போனால் 4 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை யூனிட் மண், எடையில் ஐந்தரை டன். இந்தியாவின் சராசரி மண் இழப்பு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 16.4 டன் என்று 1983-இல் துருவ நாராயணாவும் ராம் பாபுவும் போட்ட கணக்கை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஏக்கருக்கு அது ஆறரை டன் வருகிறது. இஸ்ரோவின் நிலச்சீரழிவு வரைபடத் தொகுப்பு 2018-19 நிலவரப்படி நாட்டின் பரப்பில் 29.77 விழுக்காடு, அதாவது 9.785 கோடி ஹெக்டேர், சீரழிந்த நிலம் என்கிறது. அவ்வளவு பரப்புக்கும் யாராலும் வலை வாங்கிப் போட முடியாது. எங்கே போடுவது, எங்கே வேண்டாம் என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

தென்னை நார் வலையும் சணல் வலையும்

நார் வலையில்தான் கடைக்காரரின் பேச்சு அதிகம் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். நாரை விறைப்பாக்கும் லிக்னின் என்ற பொருள் தேங்காய் நாரில் 40 விழுக்காட்டுக்கு மேல். சணலில் அது 12 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. மண்ணிலுள்ள பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் லிக்னின் எளிதில் செரிக்காத சரக்கு. அதனால்தான் நார் வலை மண்ணில் இரண்டு, மூன்று ஆண்டு சாதாரணமாகவும், சில இடங்களில் ஐந்து ஆண்டு வரையும் தாங்குகிறது. சணல் ஓரிரு மழைக்காலத்தில் கதை முடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் இந்தியத் தரநிர்ணயம் உண்டு: நார் வலைக்கு ஐஎஸ் 15869, மண்ணரிப்புக்கான சணல் வலைக்கு ஐஎஸ் 14986. கேரளத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் குளக்கரை, வாய்க்கால்கரைகளுக்கு இந்த நார் வலையைத்தான் விரித்தார்கள். நமக்குப் பொள்ளாச்சி ஒருபுறம், பட்டுக்கோட்டை பேராவூரணித் தென்னந்தோப்பு மறுபுறம். 2018-இல் கஜா புயல் அந்தத் தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகும் நார் கிடைப்பதற்குப் பஞ்சமில்லை. சணல் வங்கத்திலிருந்து வர வேண்டும்.

அதற்காகச் சணலை உடனே தள்ளிவிட வேண்டாம். சணல் வலை நனைந்ததும் தளர்ந்து, மேடுபள்ளத்தோடு ஒட்டிப் படியும். நார் வலை விறைப்பானது. சரளைக் கல் மேல் தூக்கிக்கொண்டு நிற்கும். மண்ணரிப்பு வேலையில் இந்த ஒட்டுதல்தான் உயிர்நாடி. சரியாகப் பதிக்காத நார் வலையை முதல் பெருமழைக்குப் பிறகு ஓரத்தில் பிடித்துத் தூக்கினால் தெரியும்: வலை தளர்ந்துபோன கயிற்றுக்கட்டில் மாதிரி அந்தரத்தில் தொங்கும், அடியில் தண்ணீர் தனக்கென ஒரு வாரி அறுத்துக்கொண்டு போயிருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும்.

அதனால் வலைக்கான செலவு என்பது வலையின் விலை மட்டும் இல்லை. மேல் ஓரத்தில் ஒரு அடி ஆழத்துக்குக் காடி வெட்டி, வலையின் தலைப்பை அதற்குள் மடித்துப் புதைத்து மண் மூடி மிதிக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் மேலிருந்து வரும் தண்ணீர் வலைக்கு அடியில் புகுந்துவிடும். பக்கத்து விரிப்போடு அரை அடி ஏற்றிப் போட வேண்டும். சதுர மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி என்று வைத்தாலே ஏக்கருக்கு 4,000 முளை. மூங்கிலைச் சீவி, சரளையில் அடித்து இறக்கிப் பாருங்கள், கூலி எங்கே போகிறது என்று புரியும். சதுர மீட்டருக்கு 1 ரூபாய் கூடினால் ஏக்கருக்கு 4,047 ரூபாய் கூடும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு விலைப்பட்டியலைப் படித்தால் பாதி ஆசை அடங்கிவிடும்.

வலையின் எடை சதுர மீட்டருக்கு 400 கிராம், 700, 900 என்று பல தரத்தில் வரும். 400 கிராம் வலை என்றால் ஏக்கருக்கு 1.6 டன் நார். இவ்வளவு நார் போட்டும் கண்ணிகளுக்கு இடையே பாதிக்கு மேல் வெற்றிடம்தான். ஓடும் தண்ணீரின் வேகத்தை அது நன்றாகக் குறைக்கும். ஒவ்வொரு குறுக்குக் கயிறும் ஒரு குட்டி வரப்பு. ஆனால் மேலிருந்து விழும் துளியை அந்த வெற்றிடத்தில் எதுவும் தடுக்கவில்லை. சரிவான இடத்தில் ஓட்டம்தான் எதிரி, அங்கே வலைக்கு வேலை உண்டு. லேசான சாய்வுள்ள மேட்டில் துளியும் பொருக்கும்தான் எதிரி. அங்கே வலை மட்டும் போட்டால் நோய் ஒன்று, மருந்து வேறு.

வாங்குமுன் இன்னொரு சோதனை. வலையிலிருந்தும், நார் மெத்தை என்றால் அதைத் தைத்த நூலிலிருந்தும், ஒரு துண்டு எடுத்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். நார் கருகிச் சாம்பலாகும். நூல் உருகி உருண்டை பிடித்தால் அது பிளாஸ்டிக். 'மட்கும் விரிப்பு' என்று விற்கும் மெத்தைகளில் நாரைப் பிடித்து நிறுத்துவது பாலிபுரோப்பிலீன் வலையாக இருப்பது அபூர்வமில்லை. நார் மட்கிப் போனபின் அந்த மெல்லிய வலை மண்ணில் கிடந்து பாம்பையும் ஓணானையும் சிக்க வைக்கும். வெளிநாடுகளில் இதற்காகவே அத்தகைய வலையைத் தவிர்க்கச் சொல்லும் சாலைத் துறைகள் உண்டு.

சோகை, வைக்கோல், முள்

சும்மா பரப்பும் மூடாக்குதான் என் கணக்கில் பெரும்பாலான செம்மண் தரிசுக்குச் சரிப்பட்டு வரும். ஆனால் எதைப் பரப்புவது என்பதில் ஊர் நிலவரம் தெரியாதவர்கள் தடுக்கி விழுவார்கள்.

பாடப்புத்தகங்கள் எல்லாம் வைக்கோல் என்றே எழுதும். ஹெக்டேருக்கு 5 டன், ஏக்கருக்கு 2 டன் போட்டால் தரை நன்றாக மூடும். ஒரு ஏக்கர் நெல்லின் வைக்கோல் ஏறக்குறைய ஒரு ஏக்கர் தரிசை மூடிவிடும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே வைக்கோல் மாட்டுத் தீவனம். டெல்டாவில் அறுவடை முடிந்த கையோடு கட்டுக் கட்டி லாரியில் ஏற்றி வெளியூருக்கு விற்கிறார்கள். அதைக் காசு கொடுத்து வாங்கி மேட்டில் பரப்பினால் அடுத்த நாள் காலை ஊர் மாடு அத்தனையும் அங்கேதான் நிற்கும். மாட்டைக் குறை சொல்லி என்ன பயன்.

கரும்புச் சோகையை மாடு அவ்வளவாகத் தொடாது. ஏக்கருக்கு 3, 4 டன் கிடைக்கும். வெட்டு முடிந்த வயலில் பெரும்பாலானவர்கள் அதைக் கொளுத்துகிறார்கள். ஏற்றுக்கூலி கொடுத்தால் கிடைத்துவிடும். நீளமாக, ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் காற்றிலும் சட்டென்று பறக்காது. கரிமச்சத்து மிகுந்தது, தழைச்சத்து குறைந்தது, அதனால் பயிருக்குத் தழைச்சத்துப் பற்றாக்குறை வரும் என்று பயமுறுத்துவார்கள். உழுது மண்ணுக்குள் புதைத்தால் அது உண்மை. மேலே கிடக்கிறவரை மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில்தான் அந்தச் சிக்கல். பெரிதாகப் பொருட்படுத்த வேண்டாம். பொருட்படுத்த வேண்டியது நெருப்பு. மாசிக்கு மேல் காய்ந்த சோகைமேட்டுப் பக்கம் ஒரு பீடித்துண்டு போதும். பத்து மீட்டருக்கு ஒரு வெற்று இடைவெளி விட்டுப் பரப்புவது நல்லது.

தென்னை மட்டையும் ஓலையும் சரிவுக்குக் குறுக்காகப் போட நல்ல சரக்கு. மழை குறைந்த மேடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது சீமைக்கருவேல முள். வெட்டிய கிளையை அப்படியே சமஉயர வாக்கில், அதாவது சரிவுக்குக் குறுக்காக ஒரே மட்டத்தில், போட்டு லேசாக மிதித்துவிட வேண்டும். நிழல் கொஞ்சம்தான், ஆனால் காற்றில் வரும் விதையையும் சருகையும் பிடித்து வைக்கும். வெள்ளாடு வாய் வைக்காது. அதாவது மூடாக்கும் வேலியும் ஒன்றாகக் கிடைக்கின்றன. காய் பிடிக்கும் முன் வெட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. இல்லையென்றால் தரிசைத் திருத்தப் போய்க் கருவேலங்காடு வளர்த்த கதையாகிவிடும்.

அப்புறம் கரையான். செம்மண்ணில் சோகையோ வைக்கோலோ பரப்பினால் கரையான் வராமல் இருக்காது. 'போட்டதெல்லாம் கரையான் தின்றுவிட்டது' என்று மருந்தடிக்கக் கிளம்புபவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் இதே மாதிரி பொருக்குக் கட்டி மொட்டையான நிலத்தில் 1990-களில் வைக்கோல் பரப்பி ஆய்வு செய்தார்கள். சில பாத்திகளில் கரையானை மருந்து போட்டுத் தடுத்தார்கள், சிலவற்றில் விட்டுவிட்டார்கள். கரையான் தின்ற பாத்திகளில்தான் பொருக்கு துளைபட்டு, மழைநீர் இறங்கி, செடி வந்தது. மருந்து போட்டவற்றில் வைக்கோல் பத்திரமாக இருந்தது, நிலம் திருந்தவில்லை. மட்கும் மூடாக்கை வாங்கிவிட்டு அதை எதுவும் தின்னக்கூடாது என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. ஒரு மழைக்காலம் முடிந்து மூடாக்கு கரைந்து போயிருந்தால் அது தோல்வி என்று முடிவு கட்ட வேண்டாம். அதற்குள் அடியில் வேர் பிடித்ததா என்று பாருங்கள்.

உயிர் மூடாக்கு

கொள்ளு, கொழுஞ்சி, முயல் மசால், கொழுக்கட்டைப்புல். இந்த நாலும் இருந்தால் வறண்ட செம்மண்ணுக்குப் பெரும்பாலும் போதும். கொள்ளு முதல் மழையிலேயே படர்ந்து தரையை மூடிவிடும். ஒரு பருவத்து வேலை. கொழுஞ்சியை ஆடு அவ்வளவாகக் கடிக்காது, வறட்சியையும் தாங்கும், விதை தானே விழுந்து அடுத்த ஆண்டும் வரும். விலையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. வலைக்கு ஆகும் காசில் ஒரு சின்னப் பங்குகூட விதைக்கு ஆகாது.

ஆனால் 'விதைத்தேன், ஒன்றும் வரவில்லை' என்ற புகார் இதில்தான் அதிகம். இரண்டு காரணம். கொழுஞ்சி விதையின் தோல் கடினம். அப்படியே தூவினால் அந்த ஆண்டு பாதிகூட முளைக்காது. ஆற்றுமணலோடு சேர்த்து உரலிலோ சாக்கிலோ போட்டுத் தேய்த்து, தோல் கீறிய பின் விதைக்க வேண்டும். முயல் மசாலை 80 டிகிரி வெந்நீரில் நாலைந்து நிமிடம் போட்டு எடுத்து, இரவு குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். இரண்டாவது காரணம் பொருக்கு. மேல்மண்ணைக் கொத்தாலோ முள்கலப்பையாலோ சரிவுக்குக் குறுக்காகக் கீறிவிடாமல் தூவிய விதை முதல் மழையில் மிதந்து, ஓடைக்கரையில் போய் ஒன்றாக முளைக்கும். உயிர் மூடாக்கும் சோகையும் போட்டியாளர்கள் இல்லை. சோகை மெல்லிதாக இருந்தால் அதனடியில்தான் விதை நன்றாக வரும். கையளவு தடிமனாகப் பரப்பினால் முளைக்கு வெளிச்சம் கிடைக்காது. நின்று பார்த்தால் அங்கங்கே மண் தெரிய வேண்டும்.

மட்கும் மூடாக்குத் தாள்

காய்கறி மேட்டுப்பாத்திக்கு இது நல்ல சாமான். தரிசுக்கு இல்லை. பிபிஏடி, பிஎல்ஏ என்ற மட்கும் பிளாஸ்டிக்குகளோடு மாவுச்சத்து கலந்து செய்யும் இந்தத் தாள் மழைநீரை உள்ளே விடாது. சாய்வில் விரித்தால் முழு மழையும் ஓட்டமாகிக் கீழே இருப்பவர் நிலத்தை அறுக்கும். சான்றிதழிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம்மூரில் 'கம்போஸ்டபிள்' என்று முத்திரை குத்துவதற்குரிய ஐஎஸ்ஓ 17088 தொழிற்சாலை உரக்குழிக்கானது. அங்கே வெப்பம் 60 டிகிரியை ஒட்டி இருக்கும். வயல் மண்ணுக்கென்று தனியாக இருப்பது 2018-இல் வந்த ஐரோப்பியத் தரம் ஈஎன் 17033. அதுவும் ஆய்வகத்தில், ஈரம் குறையாத மண்ணில், இரண்டு ஆண்டுக்குள் 90 விழுக்காடு மட்க வேண்டும் என்கிறது. எட்டு மாதம் காய்ந்து கிடக்கும் சரளை மேட்டில் நுண்ணுயிருக்கு அந்த ஈரம் எங்கே? மட்குவதற்கு முன் வெயிலில் நொறுங்கிக் காற்றில் பறக்கும். சாலை வெட்டுச்சரிவில் இயந்திரத்தால் பீய்ச்சியடிக்கும் கூழ் மூடாக்கும் இருக்கிறது. ஒப்பந்தக்காரருக்கும் தண்ணீர் லாரிக்கும் வழி இருப்பவர்கள் அதைப் பற்றி யோசிக்கலாம்.

மண்ணைக் காற்று அள்ளிப் போகும் இடம் வேறு விதம். திருச்செந்தூர், குதிரைமொழிப் பக்கத்துத் தேரிமணலில், அதாவது செம்மணல் மேடுகளில், மேலே பரப்பிய எதுவும் நிற்காது. அங்கே முன்மாதிரி தேடினால் சீனாவின் ஷாபோத்தோவைத்தான் பார்க்க வேண்டும். 1958-இல் திறந்த பாவோதோ-லான்ஜோ ரயில்பாதையை டெங்கர் பாலை மணல் மூடிவிடாமல் இருக்க, வைக்கோலை ஒரு மீட்டர்க் கட்டங்களாக மணலுக்குள் செங்குத்தாகச் செருகினார்கள். அரை அடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாலைந்து ஆண்டில் வைக்கோல் மட்கிவிட்டது. ஆனால் அதற்குள் கட்டங்களுக்குள் நட்ட புதர் வேர் பிடித்து, மணலின் மேல் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்த ஓர் அடுக்கு உருவாகத் தொடங்கியது. பனை ஓலையும் உடைமுள்ளும் கிடைக்கிற தேரியில் இதைச் சின்ன அளவில் செய்து பார்க்க யாருக்கும் வெளிநாட்டுச் சரக்கு தேவையில்லை.

சோதனைப் பாத்தி

இவ்வளவும் பொதுவில் பேசியது. உங்கள் மேடு எந்த வகை என்று தெரிய ஒரு மழைக்காலம் செலவழிப்பது, ஏக்கர் முழுக்க வலை போட்டுவிட்டு வருந்துவதைவிட மலிவு. ஆனால் நான் பார்க்கும் பெரும்பாலான சோதனைகளில் ஒரே ஓட்டை: வேலி போட்டு, வரப்பு கட்டி, விதை தூவி, வலையும் விரித்துவிட்டு, பக்கத்தில் ஆடு மேயும் வெற்று நிலத்தோடு ஒப்பிட்டுப் படம் எடுக்கிறார்கள். இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் மொட்டை. பச்சை வந்தது வலையாலா, விதையாலா, இல்லை ஆடு வராததாலா? அந்தப் படத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. மேய்ச்சலை நிறுத்தியதும் தானாகவே புல் எழும்பும் தரிசு நம்மூரில் ஏராளம். அந்த நிலத்துக்கு வலை வாங்குவது தண்டச்செலவு.

அதனால் ஐந்து வகைப் பாத்தி வையுங்கள். ஒன்று, எதுவும் செய்யாமல் ஆட்டுக்குத் திறந்து விட்டது. இரண்டு, வேலி மட்டும். மூன்று, வேலியோடு கீறி விதைத்தது. நான்கு, அதற்கு மேல் சோகை. ஐந்து, வேலிக்குள் கீறி விதைத்து வலை விரித்தது. ஒவ்வொன்றும் சரிவின் வாக்கில் 5 மீட்டர், குறுக்கே 2 மீட்டர். ஒவ்வொரு வகையையும் மூன்று இடத்தில் போட்டால் மொத்தம் 15 பாத்தி, 150 சதுர மீட்டர், நாலு சென்ட்டுக்கும் குறைவு. நடைவழிக்கும் வேலிக்கும் இடம் விட்டாலும் பத்து சென்ட்டுக்குள் முடிந்துவிடும். மூன்று தொகுப்பையும் மேல், நடு, கீழ் என்று பிரித்து, ஒவ்வொரு தொகுப்பிலும் ஐந்து வகையும் ஒரே சமஉயரத்தில் வரும்படி வையுங்கள். எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். வலைப் பாத்தி எல்லாம் கீழே, ஈரம் தங்கும் இடத்தில் அமைந்துவிட்டால் ஒப்பீடு கெட்டது. மேலிருந்து வரும் தண்ணீர் பாத்திக்குள் புகாமல் ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு சாண் உயர வரப்பு வேண்டும்.

அளப்பதற்கு ஆய்வகம் வேண்டாம். முக்கால் முழ இரும்புக் கம்பியில் ஒரு வாஷரைக் கோத்து, கம்பியைப் பெரும்பகுதி இறக்கிவிட்டு, கம்பி முனையிலிருந்து தரைவரை எவ்வளவு என்று எஃகு ஸ்கேலால் குறித்துக்கொள்ளுங்கள். மண் இறங்க இறங்க வாஷரும் கூடவே இறங்கும். பாத்திக்கு ஆறு கம்பி. சோகைப் பாத்தியில் சோகையை விலக்கி மண்ணுக்கு அளக்க வேண்டும். சோகைக்கு மேல் அளந்தால் மண் ஏறிவிட்டதாகக் கணக்கு வரும். நீர் இறங்குவதைப் பார்க்க ஆறங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை இரண்டு அங்குலம் மண்ணில் அடித்து, ஒரு லிட்டர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகிறது என்று செல்பேசியில் பார்த்தால் போதும். பச்சையை அளக்க, ஒரு மீட்டர்ச் சட்டம் வைத்து அதே இடத்திலிருந்து அதே உயரத்தில் மாதம் ஒரு படம். நார் வலையின் ஒரு துண்டை எடை போட்டு, நைலான் கொசுவலைப் பையில் வைத்து அங்கேயே புதைத்துவிட்டால், உங்கள் மண்ணில் அது எவ்வளவு நாள் தாங்கும் என்பதும் ஆண்டு முடிவில் தெரிந்துவிடும்.

மார்கழியில் தீர்ப்பு எழுத வேண்டாம். தமிழ்நாட்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில்தான். அது முடிந்ததும் எல்லாப் பாத்தியும் பச்சையாகத்தான் தெரியும், கொள்ளு படர்ந்த பாத்தி எல்லாவற்றையும் விட அழகாக இருக்கும். பார்க்க வேண்டியது சித்திரை, வைகாசி. அப்போது எந்தப் பாத்தியில் பல்லாண்டுப் புல்லின் தூர் உயிரோடு இருக்கிறது, எங்கே கொழுஞ்சி நிற்கிறது என்று எண்ணுங்கள். முதல் மழைக்காலத்தில் கம்பி காட்டிய மண் இழப்பையும் பக்கத்தில் வையுங்கள்.

தீர்ப்புக்கு என் அளவுகோல் இது. வேலி மட்டும் போட்ட பாத்தி மற்றவற்றுக்குச் சமமாக வந்திருந்தால், காசை வேலிக்கும் காவலுக்கும் போடுங்கள். வேலியும் விதையும் சேர்ந்த பாத்தி, வலைப் பாத்தியை ஒட்டி வந்திருந்தால் வலை வேண்டாம். சோகைப் பாத்தியில் நீர் இறங்கும் வேகம் தெளிவாகக் கூடியிருந்தால் மேடு முழுக்கச் சோகைதான். அதையே இரண்டாம் ஆண்டு மெல்லிதாக இன்னொரு முறை பரப்பினாலும் வலைச் செலவு வராது. விதையும் சோகையும் அடித்துக்கொண்டு போய், வலையில் மட்டும் தூர் நிற்கிறதென்றால் அங்கே ஓட்டம் அதிகம் என்று அர்த்தம். வலை வாங்குவதற்கு முன் மேலே சமஉயர வரப்பும் ஓடைக்குள் கல் தடுப்பும் போட வேண்டும். புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில், ஓடைகள் குடைந்த செம்மண் மேட்டை 1960-களின் இறுதியிலிருந்து மீட்டவர்கள் தொடங்கியது வரப்பிலிருந்துதான். தண்ணீர் நிலத்திலேயே நின்ற பிறகுதான் மரம் நின்றது.

நாலைந்து ஏக்கரில் உண்மையாகவே வலை தேவைப்படுவது பெரும்பாலும் ஓடையின் இரு கரையும் வரப்பின் வெளிச்சரிவும்தான். அது 15 சென்ட் என்று வைத்துக்கொண்டால் 600 சதுர மீட்டர். 400 கிராம் வலை கால் டன்னுக்குள், முளைக்குச்சி அறுநூறு. வலைக்கு அடியில் கீறி விதைத்து ஒரு பிடி சோகையும் தூவிவிட்டு விரியுங்கள்; ஓட்டத்தை வலை பார்த்துக்கொள்ளும், துளியைச் சோகை பார்த்துக்கொள்ளும். முளையை வலையின் மேட்டில் அடிக்காமல், தரை குழியும் இடம் பார்த்து அடித்தால் வலை மண்ணோடு படியும். வேலைகளின் வரிசை இப்படி: ஆடியில் வேலியும் வரப்பும், ஆவணியில் விதைநேர்த்தியும் முளை சீவுவதும், புரட்டாசி முதல் தூறலில் கீறல், விதை, விரிப்பு. ஐப்பசி அடைமழையில் சரளை மேட்டில் ஏறி வலை விரிக்கக் கூலிக்கு யாரும் வரமாட்டார்கள்.